நோட்டீஸ் தீர்ந்துபோச்சு, அப்புறம்?

(இறுதியாண்டு, இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு மாணவர் எழுதியது)



அக்டோபர் 10 உலக மனநல நாள். 1992 முதல் உலகம் முழுக்க அந்த நாளைக் கடைப்பிடிக்கிறார்கள். போன வருஷம் அன்றைக்கு நம் என்.எஸ்.எஸ். மாணவர்கள் தாம்பரம் ரயில் நிலைய வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தோம். உங்களில் பாதிப் பேர் என்னோடு நின்றவர்கள்தான். தட்டி பிடித்தோம், கோஷம் போட்டோம், போட்டோ எடுத்தோம், டீயும் சமோசாவும் சாப்பிட்டோம். திரும்பி நடந்தபோது நம் நோட்டீஸ் பலது நடைமேம்பாலப் படிகளில் கிடந்ததையும் பார்த்தோம். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் லேபில் பிரஷர் கேஜ் காலிபரேஷன். எங்கள் ஹெச்.ஓ.டி. சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"நேத்து எத்தனை நோட்டீஸ்ப்பா குடுத்தீங்க?"

"எல்லாம் தீர்ந்துபோச்சு சார்."

"அது இன்புட்டு. அவுட்புட் என்ன?"

எங்கள் பேட்ச் மொத்தமும் முழித்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை. போகாததற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

என் அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். கை சுத்தமான வேலைக்காரன். இருபத்திரண்டு வயசில் திடீரென்று ராத்திரித் தூக்கம் போனது. பிறகு குளிப்பது குறைந்தது. பக்கத்து மெஷின்காரர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்றான். அப்புறம் யாருமே பேசாதபோதும் பேச்சுக் கேட்கிறது என்றான். வேலை போனது. நாங்கள் மந்திரித்தோம், தாயத்துக் கட்டினோம், கோயிலில் ஒரு மண்டலம் இருக்க வைத்தோம், தர்காவுக்கும் போனோம். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, "வயசுக் கோளாறு, கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்றார். முதல் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்ததிலிருந்து சரியான மருந்தின் முதல் மாத்திரை வரைக்கும் எங்கள் வீட்டுக் கணக்கு இருபது மாசம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த இருபது மாசத்தில் நாலாவது மாசமே எங்கள் வீட்டுக்கு ஒரு மனநல நோட்டீஸ் வந்தது. யாரோ தெருவில் கொடுத்துவிட்டுப் போனது. அம்மா அதைக் கிழித்துப் போடவில்லை. ரேஷன் கார்டு கவருக்குள் மடித்து வைத்திருந்தாள். அதில் அறிகுறி எல்லாம் போட்டிருந்தது, ஒவ்வொன்றும் அண்ணனுக்குப் பொருந்தியது. ஆனால் எங்கே போக வேண்டும், எந்தக் கிழமை, எந்த அறை என்று ஒரு வரி இல்லை. "சீக்கிரம் மருத்துவரை அணுகுங்கள்" என்று மட்டும் இருந்தது. அணுகத்தானே செய்தோம்! தூக்க மாத்திரை டாக்டரை. கடைசியில் வழி காட்டியவர் பெருங்களத்தூரில் மருந்துக் கடையில் நிற்கும் ஒரு அக்கா. "இந்த மாத்திரையையே எத்தனை தடவைம்மா வாங்குவீங்க? செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க மனநலப் பிரிவு தனியா இருக்கு" என்று சொன்னவர் அவர்தான்.

(அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, பேர் மட்டும் போடாதே" என்றான்.)

இப்போது பாடம். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் 16 முதல் 30 வயதுக்குள் ஆரம்பிக்கிறது. அதாவது நம் வயசில், நம் ஹாஸ்டலில், நம் வொர்க்ஷாப்பில். முதல் அறிகுறி தெளிவாகத் தெரிந்த நாளுக்கும் முறையான சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் நடுவே ஓடும் காலத்தைச் 'சிகிச்சையில்லாக் காலம்' என்று வைத்துக்கொள்வோம். அது நீள நீளக் குணமாவது கடினமாகிறது, படிப்பும் வேலையும் கையை விட்டுப் போகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே சீக்கிரம் கண்டுபிடியுங்கள் என்று சொல்லும் எந்தப் பிரசாரத்துக்கும் உண்மையான அளவுகோல் அந்தக் காலம் குறைந்ததா என்பதுதான். எத்தனை நோட்டீஸ், எத்தனை தட்டி, ஊர்வலத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் டீசல் எவ்வளவு ஊற்றினோம் என்ற கணக்கு. வண்டி எவ்வளவு தூரம் போனது என்பது வேறு கணக்கு. பிரசாரத்துக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்து 'விழிப்புணர்வு கூடியது' என்று காட்டுபவர்களும் உண்டு. எங்கள் அம்மாவுக்கு அந்த வினாத்தாளைக் கொடுத்திருந்தால் நாலாவது மாசமே நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள். அண்ணன் அதற்கப்புறம் பதினாறு மாசம் வீட்டில்தான் இருந்தான்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் 'சானடோரியம்' ஸ்டேஷனைத் தாண்டி வருகிறோமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1928-ல் டாக்டர் சவுரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக அங்கே ஆரம்பித்த சானடோரியத்திலிருந்து. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. காசநோய்ப் பிரசாரத்தில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, சளியைப் பரிசோதி. அறிகுறி ஒன்று, கெடு ஒன்று, பரிசோதனை ஒன்று. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரே வரியில் எழுதிவிடலாம். மனநோய்க்குச் சளிப் பரிசோதனை மாதிரி ஒன்று கிடையாது. தூக்கம் வராததும், தனியாக இருப்பதும் பரீட்சை நேரத்தில் நம் எல்லோருக்கும் நடப்பதுதான். ஆகவே மனநலப் பிரசாரம் செய்கிறவர் வேலை கூடுதல் கஷ்டம். அதை ஒப்புக்கொண்டுதான் மதிப்பிட வேண்டும்.

இன்னொரு கஷ்டம் நாமே உண்டாக்கியது. நண்பனைக் கிண்டல் பண்ண 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்கிறோம். சினிமாவும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தது. அந்தக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்த டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுக்குப் பிறகு 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் பெற்றார், 2021-ல் காலமானார். நான் இனிச் சொல்லப்போகும் நம் பக்கத்துக் கணக்கெல்லாம் அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் எடுத்தவை.

1998-ல் டாக்டர் பத்மாவதியும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சென்னை நகரத்தில் வீடு வீடாகப் போய்க் கண்டறிந்த மனச்சிதைவு நோயாளிகள் 261 பேர். அவர்களில் 75 பேர் ஒரு நாள்கூட, ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவர்கள். பட்டிக்காட்டில் இல்லை, பெரியாஸ்பத்திரிகள் உள்ள நகரத்தில். அவர்களில் பலர் கூட்டுக்குடும்பத்தில் இருந்தார்கள். நாலு பேர் உள்ள வீடு ஒருத்தரைத் தாங்கிக்கொள்கிறது. தாங்கிக்கொள்வதாலேயே ஆஸ்பத்திரிக்குப் போவது தள்ளிப்போகிறது. எங்கள் வீட்டிலும் இதேதான். பாட்டி ஊட்டிவிட்டாள், சித்தப்பா குளிப்பாட்டினார், காலம் ஓடியது.

இப்போது நம் கல்லூரிப் பாஷையில் ஒரு சந்தேகம். சேலையூர் ஏரி மதகைத் திறந்தால் முதலில் வருவது நேற்றுப் பெய்த மழை இல்லை, தேங்கிக் கிடந்த தண்ணீர். அதே மாதிரி நம் பக்கம் ஒரு நல்ல பிரசாரம் நடந்தால் முதலில் வெளியே வருபவர்கள் பத்து வருஷம், பதினைந்து வருஷமாக அறைக்குள் கிடந்தவர்களாக இருப்பார்கள். அப்போது சராசரிச் சிகிச்சையில்லாக் காலம் குறைவதற்குப் பதில் கூடும்! பேப்பரில் பார்த்தால் பிரசாரம் தோற்ற மாதிரி இருக்கும். ஆகவே பழைய நோயாளிகளைத் தனியாகவும், புதிதாக நோய் கண்டவர்களைத் தனியாகவும் எண்ண வேண்டும். கூட்டுச் சராசரியை நம்பவும் கூடாது. ஐந்து பேர் 2, 3, 5, 6, 244 வாரம் கழித்து வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 52 வாரம். அந்த ஐவரில் ஒருவர்கூட 52 வாரத்துக்குப் பக்கத்தில் இல்லை. வரிசையில் நடுவில் நிற்கும் எண், அதாவது இடைநிலை அளவு, 5 வாரம். முதலாண்டு கணக்குப் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்த அதே மீடியன்தான்.

அந்த அளவை வைத்து உருப்படியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் நார்வேக்காரர்கள். ரோகலாந்து என்ற பகுதியில் 1997-ல் ஒரு பெரிய பிரசாரம் ஆரம்பித்தார்கள். பத்திரிகை, ரேடியோ, சினிமா விளம்பரம், பள்ளிக்கூடங்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் தனிப் பயிற்சி. அதோடு ஒரு கண்டறியும் குழு. யாராவது போன் பண்ணினால் அந்தக் குழு உடனே வந்து பார்க்கும். ஒப்பிடுவதற்கு ஆஸ்லோவில் ஒரு பகுதியையும் டென்மார்க்கில் ரோஸ்கில்டேயையும் பிரசாரம் இல்லாமல் வைத்துக்கொண்டார்கள். நாம் டெஸ்ட் பீஸ் பக்கத்தில் ஸ்டாண்டர்டு பீஸ் வைக்கிறோமே, அது மாதிரி. 2000 வரை பார்த்ததில் ரோகலாந்தில் இடைநிலைக் காலம் 5 வாரம், மற்ற இடங்களில் 16 வாரம். வந்தவர்களின் நோய்த் தீவிரமும் ரோகலாந்தில் குறைவாக இருந்தது.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். 2002 முதல் அந்த ஊர்ப் பிரசாரம் நின்றது. குழு மட்டும் அப்படியே இருந்தது, போன் நம்பரும் அதேதான். சிகிச்சையில்லாக் காலம் மறுபடி 15 வாரத்துக்கு ஏறிவிட்டது. சுவிட்சைப் போட்டால் எரிகிறது, அணைத்தால் அணைகிறது என்றால் அந்தச் சுவிட்சுக்கும் பல்புக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம். வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்வலம் போவதன் லட்சணமும் இதிலேயே தெரிகிறது. சிங்கப்பூரில் 2001-ல் தொடங்கிய திட்டத்திலும் இடைநிலைக் காலம் 12 மாசத்திலிருந்து 4 மாசமாக இறங்கியது. ஆனால் இங்கிலாந்தில் பர்மிங்காமில் குடும்ப மருத்துவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது தாமதம் குறையவில்லை. பொதுமக்கள் பக்கம் கதவு திறக்காமல் டாக்டர் பக்கம் மட்டும் திறந்து பலன் இல்லை போலிருக்கிறது.

இங்கே ஒரு கெட்டிக்காரக் கேள்வி வரும். என் நண்பன் ஒருவன் கேட்டேவிட்டான். "சீக்கிரம் கண்டுபிடிச்சா நோயாளின்னு பேர் வாங்குற நாள்தானேடா கூடுது? முடிவு மாறுதா?" சரியான கேள்வி. தாம்பரத்தில் ஏறினவர் கிண்டியில் ஏறினவரைவிட அதிக நேரம் வண்டியில் இருக்கிறார். அதற்காக அவர் பீச் ஸ்டேஷனுக்கு முன்னால் போய்ச் சேர்வதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வண்டி. அதனால் எவ்வளவு சீக்கிரம் ஏறினார் என்பதோடு நிறுத்தக்கூடாது, இறங்கின இடத்தையும் பார்க்க வேண்டும். நார்வேயில் அதையும் பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்து 2012-ல் வெளியிட்டதில், வேலை, சுயவாழ்க்கை எல்லாம் சேர்த்து மீண்டவர்களின் விகிதம் ரோகலாந்தில் மற்ற இடங்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சரி, நார்வே பணக்கார ஊர். நமக்கு? தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பஸ் ஏறினால் திருப்போரூர். முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அங்கே 1989-ல் ஸ்கார்ஃப் ஒரு மனநலக் கிளினிக் ஆரம்பித்து 1999 வரை நடத்தியது. வெறும் கிளினிக் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி, நோயாளியை அனுப்பிவைக்க ஒரு ஏற்பாடு, ஊர்க்காரர்களைச் சேர்த்து ஒரு குடிமக்கள் குழு, குணமானவர்களுக்குச் சுயதொழில். நம் என்.எஸ்.எஸ். கேம்ப்பில் யாராவது திட்டம் எழுதச் சொன்னால் நாமும் இதையேதான் எழுதுவோம்.

2005-ல் அவர்களே திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். இதுதான் எனக்கு மரியாதை வந்த இடம். தான் செய்த வேலையைத் தானே போய்ச் சோதித்து, கிடைத்ததை மறைக்காமல் 2008-ல் அச்சில் போட்டார்கள். பழைய பதிவேட்டில் இருந்த 185 நோயாளிகளைத் தேடினார்கள். சிகிச்சையைத் தொடர்ந்தவர்கள் 15 சதம். நிறுத்திவிட்டவர்கள் 35 சதம். இறந்துபோனவர்கள் 21 சதம். வீட்டை விட்டு எங்கோ போய்விட்டவர்கள் 12 சதம். மீதி 17 சதத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நிறுத்தியவர்களில் நாலில் ஒருவர் அறிகுறி இல்லாமல் நன்றாக இருந்தார், மற்ற மூவர் கடும் நோயில் இருந்தார்கள். அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்தியவர்கள் 15 சதம்தான். சுகாதார நிலையத்தின் மனநலச் சேவை ஒரு வருஷத்துக்குள் நின்றது. குடிமக்கள் குழுவும் ஒரு வருஷம்தான் ஓடியது. சுயதொழிலில் கோழி வளர்ப்பு மட்டும் கொஞ்சம் நிலைத்தது.

இந்த எண்களை முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 12 சதம் என்றால் சுமார் 22 பேர். கண்டுபிடித்து, பெயர் எழுதி, மாத்திரை கொடுத்து, அப்புறம் தெருவில் தொலைந்துபோன 22 பேர். அண்ணன் மாத்திரை சாப்பிட்டானா என்று எழுந்து போய் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

இதைப் படித்துவிட்டு 'ஆக, திட்டமே தோல்வி' என்று ஒரு சிவப்புக் கோடு போடுவது சுலபம். நான் அப்படிப் போடமாட்டேன். பத்து வருஷம் கிளினிக் நடந்தபோது அங்கே வந்தவர்களுக்கு மருந்து கிடைத்தது. தோற்றது கைமாற்றம். தொண்டு நிறுவனம் கையை எடுத்ததும் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. ரோகலாந்தில் விளம்பரம் நின்றதும் தாமதம் ஏறியது, திருப்போரூரில் கிளினிக் நின்றதும் ஆளே போனார்கள். இரண்டும் ஒரே வகை லீக்கேஜ்தான், அளவுதான் வேறு. சிகிச்சை கிடைக்கிற இடம் பக்கத்தில் இருந்து குடும்பமும் கூட நின்றால் நம்மவர்கள் பாதியில் விடுகிறவர்கள் இல்லை. சென்னையையும் கனடாவின் மாண்ட்ரியலையும் ஒப்பிட்டு 2020-ல் வந்த ஆய்வில், முதல்முறை நோய் கண்டவர்களில் சிகிச்சையை விட்டுப்போனவர்கள் சென்னையில் மிகக் குறைவு. கூடவே வருகிற அம்மா அப்பாதான் அதில் பெரிய பங்கு.

ஏர்வாடியை இங்கே சொல்லாமல் விடமுடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. எங்கள் அம்மாவும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒரு தர்கா வாசலில் உட்கார்ந்திருந்தவள்தான். எங்கே போவது என்று தெரியாத குடும்பம், யார் கதவைத் திறக்கிறார்களோ அங்கே போகும்.

2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வும் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதம் பேர் சிகிச்சை இல்லாமல் இருப்பதாகத்தான் சொன்னது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அக்டோபர் 2022 முதல் 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண் இருக்கிறது, தமிழில் பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். இதைப் படித்து முடித்ததும் உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஹெச்.ஓ.டி.யிடம் இதையெல்லாம் எழுதிக் காட்டினேன். "சரி, உங்க நோட்டீஸை என்ன பண்ணப்போற?" என்றார். உட்கார்ந்து எங்கள் பழைய நோட்டீஸை எடுத்துப் பார்த்தோம். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாங்களும் அறிகுறி போட்டிருந்தோம், கோஷம் போட்டிருந்தோம், கீழே ஸ்பான்சர் கடைப் பெயர் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். எங்கே போவது என்று போடவில்லை. எங்கள் அம்மா ரேஷன் கார்டு கவருக்குள் வைத்திருந்த அதே நோட்டீஸ்தான், கலர் மட்டும் வேறு. எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

இந்த வருஷம் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை என்று முடிவு. மாசம் ஒரு தடவை, குறைந்த எண்ணிக்கையில், ஸ்டேஷன் வாசலை விட்டுவிட்டு மருந்துக் கடை, சலூன், டெய்லர் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கோயில் பிரசாத ஸ்டால். யாரிடம் ஜனங்கள் உட்கார்ந்து பேசுகிறார்களோ அவர்களிடம். நோட்டீசுக்கு வரிசை எண் உண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் எடுத்துப் போகச் சொல்லி ஒரு வரி உண்டு. 'யார் சொல்லி வந்தீர்கள், முதல் தொந்தரவு எப்போது ஆரம்பித்தது' என்று இரண்டே கேள்வியைப் புறநோயாளி சீட்டில் சேர்த்து எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பெயர் எங்களுக்கு வேண்டாம், மாசமும் வழியும் போதும். பதில் இன்னும் வரவில்லை. ஒரு பதில் வந்தாலே நமக்கு ஒரு பாயின்ட் கிடைத்த மாதிரி, வரைபடம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

புது நோட்டீஸ் புரூஃப் வந்த அன்று வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் அரை நாள் வேலைக்குப் போகிறான். ஆஸ்பத்திரிப் பெயர் போட்டிருந்தோம், ரயிலில் எங்கே இறங்க வேண்டும் என்று போட்டிருந்தோம், 14416 போட்டிருந்தோம். அம்மா முழுக்கக் கேட்டாள்.

"எந்தக் கிழமை போகணும்னு போடலியேப்பா" என்றாள்.

"காலைல எத்தனை மணிக்கு சீட்டு குடுப்பாங்கன்னும் போடச் சொல்லும்மா" என்றான் அண்ணன்.

ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டு எழுதிவந்து, இரண்டையும் சேர்த்துத்தான் பிரஸ்ஸுக்குக் கொடுத்தோம்.